பதினேழாம் பத்தி

என் மனைவி எம்.லிட். பட்டத்துக்காக எழுதிய ஆய்வேட்டை நான் ஒருமுறை கெடுத்தேன். அதைச் சீர்படுத்திவிட்டேன் என்ற முழுத் திருப்தியோடுதான் கெடுத்தேன். பிறகு அது பிழைத்ததற்கு அவளுக்கும், டைப்பிங் இன்ஸ்டிடியூட் நடத்திய ஓர் அக்காவுக்கும், ஒரு பிஸ்கட் டப்பாவுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். டப்பாவை ஆட்களோடு சேர்க்கலாமா என்று எங்கள் பத்திரிகையின் நியூஸ் எடிட்டர் கேட்டிருப்பார். சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில், சேலையூர் போகும் வழியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் மவுண்ட் ரோட்டில் ஓர் ஆங்கில மாலைப் பத்திரிகையில் சப் எடிட்டர். விடியுமுன் கிளம்பும் மின்சார ரயிலில் போனால் மூன்று மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடலாம். அவள் ரயில் பாதைக்கு மறுபக்கம் இருந்த ஒரு கல்லூரியில் தத்துவத் துறையில் டியூட்டர். தற்காலிக வேலை. ஐந்து வருடமாகத் தற்காலிகம். அந்த வருடம் ஜனவரியில் பிரின்சிபால் அவளைக் கூப்பிட்டு, மார்ச் முடிவதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால் ஜூனில் நிரந்தரம், இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு விளம்பரம் கொடுப்போம் என்று சொல்லிவிட்டார். கடுமையாகச் சொல்லவில்லை. டீ கொடுத்துவிட்டுச் சொன்னாராம். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. வகுப்பறையைத் தவிர வேறு எங்கும் அவள் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. அந்த இடம் போனால் அவளுக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும்.

ஆய்வின் பொருள், காத்திருத்தல். காத்திருக்கும்போது மனிதன் என்ன செய்கிறான்? ஏதாவது செய்கிறானா? அதை அவள் நூலகத்தில் தேடவில்லை, ரயில்வே கேட்டில் தேடினாள். தாம்பரத்தின் இரண்டு பாதிகளையும் அந்த கேட்தான் பிரித்தது. கல்லூரிக்குப் போகும்போதும் வரும்போதும் அங்கே நிற்க வேண்டும். மின்சார ரயில், கூடுவாஞ்சேரிப் பக்கமிருந்து வரும் பாசஞ்சர், கூட்ஸ் வண்டி என்று ஒன்று மாற்றி ஒன்று வரும். அவள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு சின்ன நோட்டில் எழுதுவாள்.

கேட் கீப்பருக்கு இது சந்தேகமாகிவிட்டது. ஒரு நாள் நானும் உடன் இருந்தபோது கேட்டேவிட்டார்.

"இன்னாம்மா, தெனிக்கும் எயுதிக்கினு கீறே? கம்ப்ளெய்ண்டா?"

"இல்லைங்க. ஜனங்க எப்படி நிக்கிறாங்கன்னு எழுதறேன்."

"நிக்கிறதுல இன்னாம்மா கீது? கேட்டு மூடிகினா நிப்பான். தெறந்தா பூடுவான்." பிறகு என்னைப் பார்த்தார். "சார் மட்டும் நிக்க மாட்டாரு. குனிஞ்சி பூந்து ஓடுவாரு. அத்தயும் எயுதிக்கோ."

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

அந்த நாட்களில் ஐரோப்பாவில் தத்துவத்தை எழுதும் முறையே மாறிக்கொண்டிருந்தது. சிலர் எண்ணிட்ட சின்னச் சின்னப் பத்திகளாக எழுதினார்கள். சிலர் பெரிய கோட்பாடுகளை விட்டுவிட்டு, சாதாரண ஜனங்கள் ஒரு சாதாரண வார்த்தையை எங்கெங்கே சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். சிலர் கதவு, பசி, தலைவலி என்று கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை விவரிப்பதிலிருந்து தொடங்கினார்கள். சில வருடங்கள் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்த அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் இந்தப் புத்தகங்களை அவளுக்குக் கொடுத்தார். ஆனால் அவள் அந்த முறைகளை ஆய்வேட்டிலேயே செய்துபார்ப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பாதி படித்துவிட்டு, "எனக்குப் பிடிச்சிருக்கு, எக்ஸாமினருக்குப் பிடிக்குமான்னு தெரியலை. உனக்குத் தைரியம் இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றாராம்.

அவள் செய்தது இது. நூற்று முப்பத்தெட்டு பத்திகள், ஆங்கிலத்தில். அத்தியாயம் கிடையாது. முன்னுரையில் ஒரே வரி: "எங்கே போகிறேன் என்று தெரியாமல் தொடங்குகிறேன்." எழுதும்போது ஒன்றை நம்பினாள் என்றால் நம்பியபடியே எழுதினாள். பின்னால் அது தவறு என்று தெரிந்தால், தவறு என்று இன்னொரு பத்தி எழுதினாள். முதல் பத்தியை அழிக்கவில்லை. பதினேழாம் பத்தி, காத்திருத்தல் ஒரு செயல் அல்ல என்று அடித்துச் சொன்னது. ஒருவனை வேகமாக நட என்று சொல்லலாம், கவனமாகப் படி என்று சொல்லலாம், இன்னும் கடினமாகக் காத்திரு என்று சொல்ல முடியாது. ஆகவே அது வெறும் இடைவெளி. அதற்குப் பிறகு இருபத்து மூன்று பத்திகள் அந்த அஸ்திவாரத்தின் மேல் கட்டப்பட்டன. நாற்பத்தோராம் பத்தி: "இன்று கேட்டருகில் ஒரு பெண், ரயில் கண்ணில் படுவதற்கு முன்பே தன் குழந்தையின் காதுகளைப் பொத்திக்கொண்டு நின்றாள். பதினேழு தவறு. அதை அப்படியே விட்டுவைக்கிறேன்."

டைப் செய்ய எடுத்துக்கொண்டவர், மேற்குத் தாம்பரத்தில் ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் இன்ஸ்டிடியூட் நடத்திய அக்கா. எங்கள் சர்ச்சில் பாடகர் குழுவில் பாடுபவர். அந்த வட்டாரத்தில் எழுதப்பட்ட ஆய்வேடுகளில் பெரும்பாலானவை அவர் விரல் பட்டவை. மாதிரிக்காக முதல் பத்துப் பத்திகளை அடித்துக் கொடுத்தார். 'நான்' என்று அவள் எழுதிய இடத்திலெல்லாம் 'இந்த ஆய்வாளர்' என்று இருந்தது.

"நான் 'நான்'னுதானே எழுதியிருந்தேன், அக்கா?"

"பதினாலு வருஷமா தீசிஸ் அடிக்கிறேன்மா. ஒருத்தரும் நான்னு எழுதினதில்லை. நீ மறந்துட்டேன்னு நினைச்சேன்."

"கேட்டுல நின்னது நான்தானே?"

"அது சரி. ஆனா யூனிவர்சிட்டிக்குத் தெரிய வேணாமேன்னு பார்த்தேன்."

அக்கா சிரித்துக்கொண்டே திரும்ப அடித்துக் கொடுத்தார்.

பிப்ரவரி கடைசியில் என் மனைவிக்குச் சின்னம்மை போட்டது. கையெழுத்துப் பிரதி அப்போதுதான் முடிந்திருந்தது. டாக்டர் அவளைப் பின்னறையில் படுக்கவைத்து, கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்றார். எனக்குச் சிறுவயதிலேயே வந்து போயிருந்ததால் உள்ளே போய் வரலாம். அவள் ஜுரத்தில் சொன்னாள்: "அக்காகிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க. கமா, ஸ்பெல்லிங் மட்டும்."

கமா, ஸ்பெல்லிங் மட்டும் பார்க்கிற சப் எடிட்டரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

சாப்பாட்டு மேஜையில் பிரதியை விரித்து, நீலப் பென்சிலோடு உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் பால பாடம், விஷயத்தை முதல் வரியில் சொல்வது. கப்பல் மூழ்கியது என்றால் முதல் சொல்லே கப்பல். கடலின் நிறத்தைப் பற்றி எழுதியிருந்தால் அது கடைசிப் பத்தி; இடம் போதாவிட்டால் கடைசியிலிருந்து வெட்டலாம், செய்தி பாதிக்கப்படாது. அவளுடைய விஷயம் எங்கே இருக்கிறது என்று தேடினேன். நூற்று முப்பத்தோராம் பத்தியில் இருந்தது. காத்திருத்தல் என்பது இன்னும் வராத ஒன்றுக்கு இப்போதே இடம் விடுவது. அது உடம்பால் செய்யப்படும் செயல். அருமையான வாக்கியம். இதைப் போய் இருநூறாம் பக்கத்தில் ஒளித்துவைத்திருக்கிறாளே என்று எனக்கு ஆதங்கமாக இருந்தது. கத்தரியால் வெட்டி முதல் பக்கத்தில் ஒட்டினேன்.

அதன் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. பதினேழு தவறு என்று அவளே நாற்பத்தொன்றில் ஒப்புக்கொள்கிறாள். ஆகவே பதினேழை எடுத்தேன். பதினேழு போனதும் நாற்பத்தொன்றுக்கு வேலை இல்லை, அதையும் எடுத்தேன். நடுவில் இருந்த இருபத்து மூன்றும் தவறான அஸ்திவாரத்தில் நிற்பவை. எடுத்தேன். இதே கணக்கில் இன்னும் பலவற்றை எடுத்தேன். நான்கு பிற்பகல்களில் நூற்று முப்பத்தெட்டு பத்திகள் அறுபத்திரண்டாயின. புதிய எண் போட்டேன். பளிச்சென்று இருந்தது.

அலுவலகத்தில் வெட்டிய காகிதத்தை உடனே எறிய மாட்டோம். மேஜை மேல் ஓர் இரும்பு ஆணி நிமிர்ந்து நிற்கும். அதில் குத்தி வைப்போம். மறுநாள் யாராவது சண்டைக்கு வந்தால் எடுத்துப் பார்க்கலாம். வீட்டில் ஆணி இல்லை. வெட்டிய துண்டுகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன். யோசித்துச் செய்யவில்லை. கை பழக்கம்.

அக்கா ஒரு வாரத்தில் அடித்துக் கொடுத்தார். கொடுக்கும்போது, "ரொம்ப சின்னதாயிடுச்சே சார், தங்கச்சி பார்த்தாச்சா?" என்று கேட்டார். பார்த்துவிடுவாள் என்றேன்.

அம்மை இறங்கிக்கொண்டிருந்த நேரம். பின்னறைக் கட்டிலில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பொருக்குகள். பக்கங்களை அவள் மடியில் வைத்துவிட்டு, பரிசு கொடுத்தவன் போல நின்றேன். முதல் பக்கத்தைப் படித்தாள். அதைப் போர்வை மேல் கவிழ்த்து வைத்தாள்.

"முதல் வரியிலேயே முடிஞ்சிடுச்சே."

"படிக்கிறவனுக்கு விஷயம் உடனே தெரியணும்ல?"

"தெரிஞ்சுட்டா மீதியை எதுக்குப் படிக்கணும்?"

"படிப்பான்."

"உங்க பேப்பரை நீங்க கடைசி வரைக்கும் படிக்கிறீங்களா?"

அவள் அடுத்த பக்கங்களைப் புரட்டினாள்.

"பதினேழு எங்கே?"

"தப்புன்னு நீதானே சொல்லியிருந்தே. அதனால எடுத்துட்டேன்."

"அந்தத் தப்பை நம்பிக்கிட்டு நான் ரெண்டு மாசம் கேட்டுல நின்னேங்க. அதை எடுத்துட்டா அந்தம்மா காதைப் பொத்தினது எனக்கு எதுக்கு ஆச்சரியமா இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?" பக்கங்களை அடுக்கி என் பக்கம் நகர்த்தினாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "கேட்டைத் திறந்துவிட்டுட்டீங்க. இனிமே யாரு நிப்பாங்க?"

மார்ச் மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. அறுபத்திரண்டு பத்திகளை அப்படியே சமர்ப்பிக்கலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "சொல்ல மாட்டாங்கதான்" என்றாள். அது சம்மதம் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தேன். அவள் அதைத் திறந்து பார்த்ததும்தான் முகம் தெளிந்தது. எல்லாத் துண்டுகளும் இருந்தன. கட்டில் மேலேயே பரப்பி, எண் பார்த்து வரிசைப்படுத்தி, பழைய தாள்களில் ஒட்டினோம். இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் பிரதியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு அக்காவின் மாடிக்குப் போனேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"சார், அந்த ரூம்ல இருந்த பேப்பரா?"

"வெயில்ல காயவச்சுத்தான் அக்கா கொண்டுவந்தேன்."

"நீங்க நெருப்புல காட்டிக் கொண்டுவந்தாலும் தொட மாட்டேன். வீட்ல ரெண்டு சின்னப் பசங்க. இங்க முப்பது பொண்ணுங்க கத்துக்க வருது. தப்பா நினைச்சுக்காதீங்க."

தவறாக நினைக்க என்ன இருக்கிறது? நான் படி இறங்கத் திரும்பினேன். அக்கா பின்னாலிருந்து கேட்டார்: "நீங்க டைப் அடிப்பீங்கல்ல?"

"ரெண்டு விரல்ல."

"ரெண்டு விரல் போதும். எத்தனை நாள் இருக்கு?"

"ஒம்பது."

மூலையில் உறை போட்டு வைத்திருந்த பழைய மெஷினைக் காட்டினார். ஐந்து பிரதிக்குக் கார்பன் எப்படி அடுக்குவது, பிழை வந்தால் பிளேடால் ஒவ்வொரு தாளாக எப்படிச் சுரண்டுவது, சுரண்டும்போது அடியில் துண்டுத்தாள் வைக்காவிட்டால் கீழ்ப்பிரதியில் எப்படி மை ஒட்டும் என்று எட்ட நின்றே சொல்லிக் கொடுத்தார். வாடகை பேசவில்லை. ரிக்‌ஷாவில் ஏற்றும்போது மாடியிலிருந்து கத்தினார்: "திருப்பித் தரும்போது ஸ்பிரிட் போட்டு ஒவ்வொரு கீயா துடைச்சுத் தரணும் சார்! அப்புறம், நான்னு இருந்தா நான்னே அடிங்க!"

அலுவலகத்தில் ஒரு வாரம் லீவு எடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் மெஷினை வைத்துக் காலையிலிருந்து விளக்கு வைக்கும் வரை அடித்தேன். நான் அதுவரை செய்யாத ஒன்றை அப்போது செய்ய வேண்டியிருந்தது: ஒரு வார்த்தையையும் தாண்டாமல் படிப்பது. சப் எடிட்டரின் கண் வாக்கியத்தின் மேல் ஓடாது, வெட்டக்கூடிய இடத்தைத் தேடி ஓடும். இரண்டு விரலில் அடிப்பவனுக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் நிற்க வேண்டும்.

பதினேழாம் பத்தியை அடித்தபோது அதை நம்பினேன். நியாயமாகத்தான் இருக்கிறது என்று பட்டது. அதற்கு அடுத்த பத்திகளும் ஒன்றன் பின் ஒன்றாக அதற்கு வலு சேர்த்தன. அன்று பிற்பகல் நாற்பத்தொன்றுக்கு வந்தேன். ஏற்கெனவே படித்ததுதான், என் கையாலேயே வெட்டியதுதான். ஆனாலும் "பதினேழு தவறு" என்று அடிக்கும்போது விரல் நின்றுவிட்டது. என் தவறு போல இருந்தது. காலையிலிருந்து நம்பிக்கொண்டு வந்தவன் நான் அல்லவா? இதை நூறு முறை விளக்கியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது. எழுதிய முறைதான் புரியவைத்தது.

நூற்றுப் பதினெட்டாம் பத்தியின் தொடர்ச்சியாக ஒரு புதிய தாள் செருகியிருந்தது. பென்சிலில், படுக்கையிலிருந்தே எழுதியது. நான் வெட்டிய பிரதியில் இல்லாத வரிகள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்:

"ஒரு வாசகர் இந்த ஏட்டின் முடிவை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தார். அன்பினால்தான் செய்தார். கேட்டருகில் நிற்பவளைப் பார்த்து இரக்கப்பட்டுக் கேட்டைத் திறந்துவிடுவதும் அன்புதான். ஆனால் ரயில் இன்னும் போகவில்லை."

நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பின்னறை வாசலில் போய் நின்றேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், அல்லது கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து அடித்தேன். ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு பிழைகூட விழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மற்ற பக்கங்களில் பிளேடுக்கு நிறைய வேலை இருந்தது.

கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் ஐந்து பிரதிகளும் பைண்டிங் முடிந்து போய்ச் சேர்ந்தன. முதல் இரண்டு பிரதிகளில் எழுத்து கருப்பாக இருந்தது. ஐந்தாவதில் சாம்பல் நிறம்.

மே மாதம் வாய்மொழித் தேர்வு. துறையைச் சேர்ந்தவர்களும் வேண்டியவர்களும் பின்னால் உட்காரலாம் என்பது அங்கே வழக்கம். வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர், ஆய்வேடுகளைத் திருப்பி அனுப்புவதில் பெயர் பெற்றவர் என்று வழிகாட்டிப் பேராசிரியர் முன்பே எச்சரித்திருந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு ஆங்கிலத்தில் தொடங்கினார். பதினேழாம் பத்தியைப் பிரித்து, ஓரத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். காகிதம் அங்கே மட்டும் நைந்து வெளுத்திருந்தது.

"மாணவி அவசரப்படுகிறார் என்று இங்கே எழுதியிருந்தேன். நாற்பத்தொன்றுக்கு வந்ததும் திரும்பிப் போய் ரப்பரால் அழித்தேன். முப்பது வருடத்தில் ஓர் ஆய்வேட்டின் ஓரத்தில் நான் எழுதியதை நானே அழித்தது இதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடிக்கவில்லை."

அவள் மேஜைக்கு அடியில் கைக்குட்டையைச் சுருட்டுவது எனக்குத் தெரிந்தது.

"பிடிக்காததால் திருப்பி அனுப்ப முடியுமா என்று யோசித்தேன். காரணம் கிடைக்கவில்லை. தவறு செய்ததும் நான், அழித்ததும் நான். நூற்றுப் பதினெட்டுக்கு வருவோம். அந்த வாசகர் கற்பனையா?"

"இல்லை சார். இங்கே பின்னால் உட்கார்ந்திருக்கிறார்."

எல்லோரும் திரும்பினார்கள். நான் எழுந்து நிற்பதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்தேன்.

"நீங்கள் பத்திரிகைக்காரரா?" என்றார் எக்ஸாமினர்.

"ஆமாம் சார்."

"இந்தப் பத்தி இருப்பது உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு முன் அவள் பதில் சொன்னாள். "அவர்தான் சார் டைப் அடித்தார்."

எக்ஸாமினர் மூக்குக் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு கேள்விகளை அவளிடமே கேட்டார். ஒரு மணி நேரம் கேட்டார். அவள் பேசப் பேசக் குரல் வகுப்பறையின் அளவுக்கு உயர்ந்ததை நான் கடைசி பெஞ்சிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முடிவில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பல்கலைக்கழக விதிப்படி ஒரு பக்கத்தில் சுருக்கம் வேண்டும். அதில் ஆய்வின் முடிவு தெளிவாக இருக்க வேண்டும்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "அது உங்க வேலை."

அன்று மாலையே எழுதினேன். முடிவை முதல் வரியில் வைத்தேன். அவள் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது, இதைப் படித்தால் யாரும் ஆய்வேட்டைப் படிக்க வேண்டியதில்லை என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஜூனில் நிரந்தர உத்தரவு வந்தது. அதைக் காட்டவும், துடைத்த மெஷினைத் திருப்பிக் கொடுக்கவும் போனபோது அக்கா அதன் கீக்களை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, ஸ்பிரிட் வாடை இருக்கிறது என்று திருப்திப்பட்ட பிறகுதான் என் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

திரும்பும்போது கேட் மூடியிருந்தது. கேட் கீப்பர் எங்களைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, நிக்கிறத எயுதினியே, பாஸா பெயிலா?"

"பாஸ்!"

"நின்னதுக்கே பாஸ் போட்டாங்களா!" என்று பக்கத்தில் இருந்த பால்காரரிடம் ஆச்சரியப்பட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா சார், இன்னிக்கு பூந்து ஓடல?" என்றார்.

அன்று ஓடவில்லை. அதற்குப் பிறகும் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் பல முறை குனிந்து புகுந்திருக்கிறேன், அதை மறைக்கப் போவதில்லை. அன்று நின்றேன். கூட்ஸ் வண்டி, நீளமானது. கண்ணில் படுவதற்கு முன்பே எங்கள் முன்னால் நின்ற ஒருத்தி குழந்தையின் காதைப் பொத்தினாள். நான் பக்கத்தில் திரும்பி அவளுக்குக் காட்டப் போனேன். என் மனைவி ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தாள்.